குலம் கேட்கும் விமரிசனம்

1931-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து பில்ட்மோர் ஹோட்டலில் ஒரு பெரிய விருந்து நடந்தது. ஹாலிவுட் கலைஞர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குள் சிறந்தவர்களைப் பொறுக்கிப் பரிசளிக்கும் விழா. இன்று ஆஸ்கார் என்று உலகமெல்லாம் பேசுகிறதே, அந்தப் பரிசு வழங்கப்பட்ட நாலாவது தடவை அது. சிறந்த நடிகருக்கான போட்டியில் இருந்தவர்களில் ஒருவனுக்கு வயது ஒன்பது. ஜாக்கி கூப்பர் என்று பெயர். பேச்சுகள் நீண்டுகொண்டே போகவே, பையன் பக்கத்திலிருந்த மேரி டிரெஸ்லர் என்ற பிரபல நடிகையின் மேல் சாய்ந்து தூங்கிப்போய்விட்டான் என்று சொல்வார்கள். பரிசு அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவன் நடித்த 'ஸ்கிப்பி' என்ற படத்தை டைரக்ட் செய்த நார்மன் டாராக், அந்த ஆண்டின் சிறந்த டைரக்டர் என்று பரிசு பெற்றார்.

இந்த டாராக் பையனுக்கு உறவினர்தான். படத்தில் அழ வேண்டிய ஒரு காட்சியில் பையனுக்கு அழுகை வரவில்லையாம். உடனே அவனுடைய நாயைச் சுட்டுவிடப் போவதாகப் பயமுறுத்தி அழ வைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1981-ல், கூப்பர் தம் சுயசரிதையை எழுதியபோது, 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். பிள்ளை உள்ளத்தில் பட்ட காயம் எத்தனை காலம் ஆறாமல் இருக்கிறது, பாருங்கள்!

நான் சொல்ல வந்தது நாயின் கதையை அல்ல. 'ஸ்கிப்பி' எங்கிருந்து பிறந்தது என்பதைத்தான். பெர்ஸி கிராஸ்பி என்பவர் பத்திரிகையில் வரைந்துவந்த சித்திரக்கதை அது. நம் பிள்ளைகள் காமிக்ஸ் என்று சொல்கிறார்களே, அந்த ஜாதி. அதிலிருந்து பிறந்த படம் சிறந்த டைரக்டருக்கான பரிசை வாங்கியது. சிறந்த படத்துக்கான போட்டியிலும் நின்றது. பிறப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-ல், அதே ஜாக்கி கூப்பர் தலை நரைத்த மனிதராக இன்னொரு சித்திரக்கதைப் படத்தில் நடித்தார். ரிச்சர்ட் டானர் டைரக்ட் செய்த 'சூப்பர்மேன்' அது. அதில் பத்திரிகை ஆசிரியர் வேஷம் கூப்பருக்கு. அதற்குள் நிலைமை மாறிப் போயிருந்தது. 'காமிக்ஸ் படம்' என்று ஒரு விமரிசகர் எழுதினாரானால், அந்தச் சொல்லிலேயே தீர்ப்பு அடங்கியிருந்தது. பாத்திரங்கள் தட்டையாக இருந்தால் 'காமிக்ஸ் மாதிரி'. கதை அசட்டுத்தனமாக இருந்தால் 'காமிக்ஸ் மாதிரி'. இடையில் என்ன நேர்ந்தது? நேற்று வரை விருந்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை யார் எழுந்து போகச் சொன்னார்கள்?

மகாபாரதத்தில் வரும் அரங்கேற்றக் காட்சி வாசகர்களுக்கு நினைவிருக்கும். அர்ஜுனன் காட்டிய வித்தைகளையெல்லாம் கர்ணனும் காட்டிவிட்டு, அவனோடு பொருத நிற்கிறான். கிருபாசாரியார் எழுந்து, "உன் தாய் தந்தையர் யார், என்ன குலம்?" என்று கேட்கிறார். கர்ணன் தலை குனிகிறான். துரியோதனன் உடனே அங்க தேசத்து மகுடத்தை அவன் தலையில் சூட்டிவிடுகிறான். பேச்சு எங்கெங்கோ போகிறது. சூரியனும் அஸ்தமித்து விடுகிறான். யாருடைய வில் உயர்ந்தது என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவே இல்லை.

சித்திரக்கதைப் படங்களுக்கும் விமரிசகர்களுக்கும் நடந்த வழக்கைப் படிக்கப் படிக்க எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. முதலில் குலம் கேட்டார்கள். பிறகு மகுடம் வந்தது. நடுவே வில்லைப் பார்த்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆரம்ப காலத்தில் படித்தவர்களுக்குச் சித்திரக்கதைமேல் அவ்வளவு துவேஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1924-ல் கில்பர்ட் செல்டெஸ் என்ற விமரிசகர் 'ஏழு உயிருள்ள கலைகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். சாப்ளினுக்கு அதில் எவ்வளவு மரியாதையோ, ஜார்ஜ் ஹெரிமான் வரைந்த 'கிரேஸி கேட்' என்ற பூனைக் கதைக்கும் அவ்வளவு மரியாதை. அமெரிக்காவில் அந்நாளில் உண்டான கலைப் படைப்புகளிலேயே உயர்ந்த வரிசையில் அந்தப் பூனையை அவர் வைத்தார். செல்டெஸ் படித்த மனிதர். இலக்கியப் பத்திரிகை நடத்தியவர். தெருவில் விற்கும் சரக்கு என்பதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை.

பிறகு சித்திரக்கதை பத்திரிகையின் மூலையை விட்டுத் தனிப் புத்தகமாக வரத் தொடங்கியது. 1938-ல் கிளீவ்லண்டு நகரத்து இளைஞர்கள் இருவர் - கதை எழுதிய ஜெர்ரி ஸீகல், படம் போட்ட ஜோ ஷஸ்டர் - தாங்கள் உண்டாக்கிய சூப்பர்மேனை உலகுக்குக் கொண்டுவந்தார்கள். சகல உரிமையையும் 130 டாலருக்கு விற்றார்கள். புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. சினிமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1936-லேயே 'பிளாஷ் கார்டன்' பதின்மூன்று பாகங்களாக வந்துவிட்டது. 1941-ல் 'காப்டன் மார்வெல்' பன்னிரண்டு பாகம்; 1943-ல் 'பேட்மேன்'; 1948-ல் 'சூப்பர்மேன்' பதினைந்து பாகம். வாரத்துக்கு ஒரு பாகம். வீரன் மலை உச்சியிலிருந்து விழும்போது 'அடுத்த வாரம்' என்று போட்டுவிடுவார்கள். தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த உத்தி புதிதல்ல! சனிக்கிழமைப் பகல் காட்சிக்குப் போன பிள்ளைகளுக்கு இது தேவாமிர்தம். பெரிய விமரிசகர்கள் இவற்றை ஏறெடுத்துப் பார்ப்பது அபூர்வம். பார்க்கத் தகுந்தவை என்று நினைக்கவில்லை.

ஏறெடுத்துப் பார்த்தபோது, அது பயத்தோடு பார்த்த பார்வையாக இருந்தது. முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் ஸ்டெர்லிங் நார்த் என்ற இலக்கிய விமரிசகர். 1940-ம் ஆண்டு மே 8-ந் தேதி 'சிக்காகோ டெய்லி நியூஸ்' பத்திரிகையில், காமிக்ஸ் புத்தகங்கள் தேசத்துக்கே அவமானம் என்று அவர் எழுதினார். அவரும் பிள்ளைகளுக்குக் கதை எழுதியவர்தான். அவருடைய கட்டுரையை வேறு பல பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. பொறி பற்றிக்கொண்டது. 1948-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்பென்ஸர் என்ற சிற்றூரிலும், நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரத்திலும் பள்ளிப் பிள்ளைகளையே வைத்துக் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். புத்தகம் எரித்த ஹிட்லரை யுத்தத்தில் தோற்கடித்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1954-ல் டாக்டர் பிரெடரிக் வெர்த்தம் என்ற மனநோய் வைத்தியர், காமிக்ஸ் படிப்பதால் பிள்ளைகள் குற்றவாளிகளாகிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். இவரை வில்லன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பு மக்களுக்காக மனநல வைத்தியசாலை நடத்தியவர் அவர். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் வழக்குக்கு அவருடைய சாட்சியம் உதவியது. நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் அவருடைய குறிப்பேடுகள் பிற்காலத்தில் பொதுப் பார்வைக்கு வந்தபோது, கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றை ஆராய்ந்து, பிள்ளைகள் சொன்னவற்றை வெர்த்தம் தமக்குச் சாதகமாக மாற்றியும் சேர்த்தும் எழுதியிருக்கிறார் என்று நிரூபித்தார். அப்போது தீர்ப்பு வழங்கி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அதே 1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. வில்லியம் கெய்ன்ஸ் என்ற பதிப்பாளர் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். செனட்டர் கீபாவர் ஒரு புத்தகத்தின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலையைப் பிடித்தபடி ஒருவன் நிற்கும் படம். இது நல்ல ரசனைதானா என்று கேட்டார். பயங்கரக் கதைப் புத்தகத்தின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். அந்தப் பதில் அவர் தொழிலுக்கே உலையாக முடிந்தது. ஆண்டு முடிவதற்குள் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதியை எழுதித் தலையில் கட்டிக்கொண்டார்கள்; கெய்ன்ஸின் பயங்கரக் கதைகள் நின்று போயின. ரசனையைப் பற்றிய கேள்வியை விமரிசகன் கேட்டால் விவாதம் வளரும். அரசாங்கம் கேட்டால் கடை மூடப்படும்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். ராபர்ட் வார்ஷோ என்று பெயர். 'காமெண்டரி' பத்திரிகையில் வேலை பார்த்தவர், சினிமா விமரிசகர். கொள்ளைக்கூட்டப் படங்களையும் குதிரைவீரர் படங்களையும் படித்தவர்கள் கேவலமாக எண்ணிய காலத்தில், அவற்றில் அமெரிக்க மனிதனின் பயமும் மானமும் எப்படி உருப்பெறுகின்றன என்று எழுதிக் காட்டியவர். அவருக்குப் பதினொரு வயதில் ஒரு பையன். கெய்ன்ஸ் வெளியிட்ட பயங்கரக் கதைகளின் ரசிகர் சங்கத்தில் அவன் அங்கத்தினன்! தகப்பனாருக்குச் சங்கடம். 1954-ல் தம் பையனையும், பயங்கரக் கதைகளையும், டாக்டர் வெர்த்தமையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. அந்தப் புத்தகங்களை வார்ஷோ உட்கார்ந்து படித்தார். சிலவற்றில் கெட்டிக்காரத்தனம் இருப்பதை ஒப்புக்கொண்டார். இருந்தும் அவருக்கு அவை பிடிக்கவில்லை. பையன் அவற்றைப் படிக்காமலிருந்தால் நல்லது என்றுதான் பட்டது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் தமக்குப் பிடிக்காத காரணத்தால், பையன் கொலைகாரனாகிவிடுவான் என்ற வெர்த்தமின் வாதத்தை ஏற்றுக்கொண்டாரா என்றால், இல்லை. பிடிக்காதது வேறு, பொல்லாதது வேறு என்ற பாகுபாட்டை அவர் விடவில்லை. மறு ஆண்டே, முப்பத்தேழு வயதில், வார்ஷோ இறந்துபோனார். பின்னாளில் இந்தக் கதைகள் வெள்ளித்திரையைப் பிடித்தபோது அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று பல தடவை நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

பயம் தணிந்தபின் சிரிப்பு வந்தது. 1964-ல் சூஸன் ஸாண்டாக் என்ற எழுத்தாளர் 'காம்ப்' என்ற ஒரு ரசனையைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். மிகையும் செயற்கையுமாக இருப்பதையே தனிச் சுவையாக எண்ணி அனுபவிக்கும் ரசனை அது. அதற்கு அவர் கொடுத்த உதாரணங்களில் பழைய 'பிளாஷ் கார்டன்' சித்திரக்கதையும் ஒன்று. மறு ஆண்டு, 1943-ல் வந்த பழைய 'பேட்மேன்' தொடரைத் தூசி தட்டி ஒரே மூச்சில் ஓட்டினார்கள். பட்டணத்துப் படிப்பாளிகள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். 1966-ல் தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட் நடித்த 'பேட்மேன்' வந்தபோது தயாரிப்பாளர்களே கண் சிமிட்டத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் நிஜமென்று நம்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் கேலியென்று எண்ணிப் பார்த்தார்கள். ஆக, சித்திரக்கதைக்கு ஒரு ஆசனம் கிடைத்தது. விதூஷகன் ஆசனம்.

இந்தப் பின்னணியில்தான் 1978-ல் 'சூப்பர்மேன்' வந்தது. இரண்டு விமரிசகர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன். நான் தேடிய வில்லாளிகள் இவர்கள்தான்.

ஒருவர் 'நியூயார்க்கர்' பத்திரிகையின் பாலின் கேல். கலிபோர்னியாவில் பிறந்தவர், பெர்க்லி சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அவரிடம் ஒரு தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 1969-ல் குப்பையையும் கலையையும் சினிமாவையும் பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சினிமாவில் நாம் முதலில் அனுபவித்த சந்தோஷம் பெரும்பாலும் குப்பையில்தான் கிடைத்தது, அதை மறைத்துக் கௌரவ வேஷம் போடாதீர்கள் என்பது அதன் சாரம். இப்படி எழுதியவர் 'சூப்பர்மே'னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டுமல்லவா? இல்லை. இவ்வளவு பணத்தைக் கொட்டியும் படம் மலிவாகத் தெரிகிறது என்று குறை கூறினார். கதாநாயகனாக நடித்த கிறிஸ்டபர் ரீவை மட்டும் மெச்சினார். அடுத்து வந்த இரண்டாவது 'சூப்பர்மேன்' அவருக்குப் பிடித்தது. 1989-ல் டிம் பர்ட்டன் எடுத்த 'பேட்மே'னும் பிடித்தது. அதன் இருண்ட நகரத்தில் அவர் ஒரு முரட்டுக் கவர்ச்சியைக் கண்டார்.

மற்றவர் சிக்காகோவின் ரோஜர் ஈபர்ட். சினிமா விமரிசனத்துக்காக முதன்முதல் புலிட்ஸர் பரிசு பெற்றவர், 1975-ல். பள்ளிப் பருவத்தில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் கையெழுத்து ஏடுகள் போன்ற சிறு பத்திரிகைகளில் எழுதிப் பழகியவர். இவர் 1978-ன் 'சூப்பர்மே'னுக்கு நாலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தார். கேல் மெச்சிய 1989-ன் 'பேட்மே'னுக்கு இரண்டுதான். ஜோடனை பிரமாதம், கதையில் மகிழ்ச்சி இல்லை என்றார். 2002-ல் 'ஸ்பைடர்மேன்' அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. 2004-ல் அதன் இரண்டாம் படத்துக்கு மறுபடியும் நாலு நட்சத்திரம்.

இருவரும் நேர் எதிர்த் தீர்ப்புகள் சொன்னார்கள். யார் சரி என்று நான் வழக்காட வரவில்லை. இருவருமே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தைப் பற்றி எழுதினார்கள். 'காமிக்ஸ்தானே' என்று கேல் படத்தைத் தள்ளவில்லை. 'நம் பால்ய சினேகிதன்' என்று ஈபர்ட் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒருவர் கையில் வாங்கிய குட்டு மற்றவர் கையில் பூமாலையாகிறது. வாசகன் இரண்டையும் படித்துவிட்டுத் தானே யோசிக்கிறான். விமரிசனத்தால் வாசகனுக்குக் கிடைக்கும் லாபம் இதுதான்.

இங்கே ஸீகலையும் ஷஸ்டரையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் என் மனம் ஒப்பாது. 1975-ல், சூப்பர்மேன் படத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் புரளப் போகிறது என்ற செய்தி வந்த வேளையில், அவனைப் படைத்த ஸீகல் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷஸ்டருக்குக் கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஸீகல் மனம் நொந்து பத்திரிகைகளுக்கு எழுதினார். சக ஓவியர்கள் எழுந்து நின்றார்கள். பத்திரிகைக்காரர்களும் துணை வந்தார்கள். வார்னர் கம்பெனி ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. படத்தில் அவர்கள் பெயரும் வந்தது. ஒரு படைப்பைக் குப்பை என்று ஊரார் முத்திரை குத்தும்போது, அதைப் படைத்தவனை ஏமாற்றுவது சுலபமாகிவிடுகிறது. குப்பைக்கு யார் சொந்தக்காரனைத் தேடுவார்கள்?

இன்னொரு வேடிக்கையையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சித்திரக்கதையிலிருந்து பிறந்த நல்ல படங்கள் வரும்போதெல்லாம், அவற்றின் பிறப்பை மெல்ல மறந்துவிடுவது வழக்கமாயிற்று. 2002-ல் வந்த 'ரோட் டு பெர்டிஷன்', 2005-ல் குரோனென்பெர்க் எடுத்த 'எ ஹிஸ்டரி ஆப் வயலென்ஸ்' - இரண்டும் சித்திரக்கதைகள்தான். ஈரானில் தம் பால்யத்தைப் பற்றி மர்ஜான் சத்ரபி வரைந்த 'பெர்ஸெபொலிஸ்' படமாகி 2007-ல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. 2003-ல் வந்த 'ஓல்ட்பாய்' என்ற கொரியப் படம் ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. மறு ஆண்டு கானில் இரண்டாவது பெரிய பரிசு அதற்கு. 2013-ல் அதே விழாவின் முதற்பரிசான தங்கப் பனையை வென்ற 'புளூ இஸ் தி வார்மெஸ்ட் கலர்' படத்துக்கும் மூலம் பிரெஞ்சுச் சித்திரக்கதைதான். இவற்றை யாராவது 'காமிக்ஸ் படம்' என்கிறார்களா? நன்றாக இருந்தால் அது காமிக்ஸ் அல்ல. நன்றாக இல்லாவிட்டால் அது காமிக்ஸ்! ஊரில் ஒரு குலத்தைத் தாழ்ந்தது என்று சொல்பவர்கள், அதில் ஒருவன் உயர்ந்துவிட்டால், "அவனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்பார்கள். அந்தப் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி மகுடம் வந்த கதை. 2008-ல் 'அயன் மேன்' வெளிவந்தது; அதே ஆண்டில் கிறிஸ்டபர் நோலனின் 'தி டார்க் நைட்' நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மறு ஆண்டு டிஸ்னி கம்பெனி மார்வெல் கம்பெனியைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. 'தி டார்க் நை'ட்டில் ஜோக்கராக நடித்து, படம் வெளிவருமுன்பே இறந்துபோன ஹீத் லெட்ஜருக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் சிறந்த படத்துக்கான போட்டியில் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. பெரும் கூச்சல் எழுந்தது. 2009 ஜூனில் போட்டியிடும் படங்களின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து பத்தாக உயர்த்தினார்கள். அந்தக் கூச்சல்தான் காரணம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். பிறகு 2018-ல் வந்த 'பிளாக் பாந்தர்' சிறந்த படத்துக்கான போட்டியில் நின்றது. 2019-ல் 'ஜோக்கர்' வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கத்தை வென்றது. ஆஸ்காருக்குப் பதினொரு பரிந்துரைகள் பெற்றது. அதே ஆண்டில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகமெங்கும் சுமார் 280 கோடி டாலர் குவித்தது. கர்ணன் அங்க தேசத்துக்கு மட்டுமல்ல, ஐம்பத்தாறு தேசத்துக்கும் அரசனாகிவிட்டான்.

அரசனானதும் அவனுடைய பரிவாரங்கள் என்ன செய்தன? 2008-ல் 'நியூயார்க்க'ரின் டேவிட் டென்பி, லெட்ஜரின் நடிப்பைப் பாராட்டிவிட்டு, 'தி டார்க் நைட்' படத்தைக் குறை கூறி எழுதினார். இன்டர்நெட்டில் ரசிகர்கள் கொதித்தார்கள். 2012 ஜூலையில் அடுத்த படமான 'தி டார்க் நைட் ரைசஸ்' வெளிவர மூன்று நாளே இருந்தபோது, விமரிசனங்களைத் திரட்டிப் போடும் 'ராட்டன் டொமாட்டோஸ்' என்ற தளத்தில் முதலில் குறை கூறிய விமரிசகருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மிரட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்துக்கூட இருக்க முடியாது. இன்னும் தியேட்டருக்கே வரவில்லையே! கடைசியில் ரசிகர்கள் கருத்து எழுதும் பகுதியையே அந்தப் படத்துக்கு மூடிவைக்க வேண்டி வந்தது.

2016-ல் வேறொரு கூத்து. பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படமும், 'சூயிஸைட் ஸ்குவாட்' என்ற படமும் விமரிசகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. அந்தத் தளத்தையே மூட வேண்டும் என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களை எடுத்த வார்னர் கம்பெனிக்கே அந்தத் தளத்திலும் ஒரு சிறு பங்கு இருந்தது. தகப்பன் கடையிலேயே போய்த் தகப்பனுக்கு அவமானம் என்று சண்டை போட்ட கதை!

1948-ல் படிப்பாளிகள் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2012-ல் ரசிகர்கள் விமரிசகனைக் கொல்வதாகச் சொன்னார்கள். முதல் கூட்டம் 'தாழ்ந்த குலம்' என்றது. இரண்டாவது கூட்டம் 'ராஜாவைக் குறை சொல்லாதே' என்றது. இரண்டுக்கும் நடுவே, படம் எப்படி இருக்கிறது என்ற எளிய கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

2019 அக்டோபரில் டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி, மார்வெல் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காவைப் போன்றவை என்று ஒரு பேட்டியில் சொன்னார். அடுத்த மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் தம் கருத்தை விளக்கியும் எழுதினார். அவர் பெரிய கலைஞர். அவர் சொன்னதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன; பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் படங்களே தியேட்டர்களை அடைத்துக்கொண்டால் மற்றப் படங்கள் எங்கே போகும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அது வியாபாரத்தைப் பற்றிய கேள்வி. விமரிசகர்கள் அதை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் 'சினிமாவே அல்ல' என்பது பழைய கிருபாசாரியார் கேட்ட கேள்வி. அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் வெனிஸில் 'ஜோக்கர்' தங்கச் சிங்கம் பெற்றிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதில் ஸ்கார்ஸேஸியின் 'டாக்ஸி டிரைவர்', 'தி கிங் ஆப் காமெடி' ஆகிய படங்களின் சாயலைக் கண்டார்கள். குலத்துக்கு வெளியே நிறுத்திய பிள்ளைக்கு மூக்கும் முழியும் தம்மைப் போலவே இருந்தால் என்ன செய்வது?

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு அக்கறையாகத் தேடிப் படிக்கிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் எழுத்துக் கூட்டிப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. இரும்புக்கை மாயாவிதான் எங்களில் பலருக்கு வாசிக்கும் ஆசையை உண்டாக்கினான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தொழில். என் நாவல் ஒன்றுக்கு ஓர் இலக்கியப் பத்திரிகையில் மதிப்புரை வந்தது. 'வாரப் பத்திரிகைத் தொடர்கதை' என்ற சொற்றொடரை எழுதிவிட்டு, எழுதியவர் தம் வேலை முடிந்ததென்று போய்விட்டார். புத்தகத்தில் எந்த இடத்தில் கதை தளர்கிறது, எந்தப் பாத்திரம் உயிரோடு நடமாடவில்லை என்று நாலு வரி சொல்லியிருந்தால் எனக்கும் பயன்பட்டிருக்கும், புத்தகத்தை விலை கொடுத்து வாங்குகிறவருக்கும் பயன்பட்டிருக்கும். அதே நாவலை, ஐம்பது வாரம் ஓடியது என்பதற்காகவே ஓர் அன்பர் மேடையில் காவியம் என்று புகழ்ந்தார். அவரும் புத்தகத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை. வசை, புகழ் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

கர்ணனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது மகுடமல்ல என்று நான் நினைக்கிறேன். வில்லை நாணேற்றட்டும், பார்ப்போம் என்று சொல்ல ஒரு பெரியவர் போதும். பொழுது சாய்வதற்குள் போட்டியை நடத்தியிருந்தால் அவன் தோற்றுக்கூடப் போயிருக்கலாம். தோற்றிருந்தாலும் வில்லால் தோற்றவன் என்று பெயர் இருந்திருக்கும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தகப்பனார், இந்த வாரம் பிள்ளைகளை எந்தப் படத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று பத்திரிகையைப் புரட்டுகிறார். அவர் கையில் இருப்பது கொஞ்சம் பணம், இரண்டரை மணி நேரம், பிள்ளைகளின் ஆவல். சித்திரக்கதையின் வம்சாவளி அவருக்கு வேண்டாம். வசூல் கணக்கும் வேண்டாம். தமக்கு முன்னால் அந்த இருட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவர், அங்கே எதைக் கண்டார், எங்கே சிரித்தார், எங்கே கொட்டாவி விட்டார் என்பதை அஞ்சாமல் சொன்னால் போதும். வார்ஷோ தம் பையனுடைய புத்தகங்களை வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். இன்று விமரிசனம் எழுத வரும் இளைஞர்கள் அந்த ஒரு காரியத்தை அவரிடமிருந்து கற்றுக்கொண்டால் எனக்குத் திருப்தி.